பன்னிரண்டு வோல்ட்

ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர்.
நூற்றிருபது மீட்டர் ரப்பர் குழாய்,
வயிறு நிறையத் தண்ணீரும் களைமருந்தும்.
ஒரு நாளைக்குப் பதினான்கு தரம் சுற்றி ஏற்றுவேன்.
பத்தொன்பது வருடக் கணக்கும்
என் வலது தோளில் எழுதியிருந்தது.
டனீடின் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.
"கிழிசல்" என்றார், சட்டையைச் சொல்வதுபோல.

ரேவின் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஏலக் கொட்டகையிலிருந்து வந்தாள்,
படகு இழுக்கும் வின்ச் ஒன்றோடு.
சாக்குக்குள் யாரோ மோதி நொறுக்கிய
மோட்டார் சைக்கிளின் செயினும் பல்சக்கரமும்.
"ஆகஸ்ட் முடியுமுன் கோர்ஸ் பூத்துவிடும், லாக்லன்.
எழுந்து அளவு எடு."

மோட்டார் பக்கம் பன்னிரண்டு பல், ரீல் பக்கம் அறுபது.
ஐந்துக்கு ஒன்று என்று சாக்பீஸால் தகரத்தில் எழுதினேன்.
இடது கை. அந்த ஒன்று
குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது.
வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்,
என்னையா இரும்பையா தெரியவில்லை.
தாங்கும் தகடு முதலில் கோணல்.
அடுத்தது நேர், ஆனால் செயின் ஒரு கண்ணி நீளம்.
மூன்றாவதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் சிவப்பு வயர்,
நடுவே நாற்பது ஆம்பியர் ஃபியூஸ்.
அறுபது போடலாமே என்றேன். கூடாது என்றாள்.
சுவிட்சை அமுக்கியதும் ரீல் சுற்றியது,
தலைகீழாக.
சுற்றியிருந்த குழாயையெல்லாம் கொட்டகை நிறையக் கக்கியது.
நாய் வெளியே பாய்ந்ததுதான்,
இருட்டியபின் வந்தது.
வயர்களை மாற்றிப் பூட்டினோம்.

இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கத்தான் அது விடவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது பல்சக்கரம்.
உருவினால் ரீல் தானாக ஓடும்படி ஒரு ஆணி வைத்தோம்.
ஆணிக்குப் பிடி வேண்டும்.
பழைய கைப்பிடியை நாலு விரற்கடை அறுத்தேன்,
என் உள்ளங்கை தேய்த்து வழவழப்பாக்கிய பக்கமாய்ப் பார்த்து.

முதல் நாள், கிளாஸ்ஃபர்ட் பண்ணை, வடமேல் காற்று.
அவள் கீழே ஓடைப்பக்கம்,
மருந்துத் துப்பாக்கி இடுப்பு பெல்ட்டில் மாட்டியபடி.
நான் மேலே டிரக்கில், துரை மாதிரி, ஒற்றை விரலோடு.

கை சுற்றிய காலத்தில் குழாய் பேசும்.
ஈரப்புல் என்றால் ஒரு கனம்,
வேலிக்கம்பி என்றால் ஒரு வெட்டு,
அவள் கால் தடுக்கினால் ஒரு சின்ன நடுக்கம்,
அது வந்ததும் கை தானாக நிற்கும்.
சுவிட்சுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?
எனக்கும் தெரியவில்லை.
மஞ்சள் புதருக்குப் பின்னால்
அவள் உட்கார்ந்தபடியே மேலேறி வருவதை நான் பார்த்தபோது
சேற்றில் பன்னிரண்டு அடி கோடு கிழித்திருந்தாள்.
கம்பிக்கட்டையில் குழாய் மாட்டி இறுகியது.
ஃபியூஸ் போனது. நாற்பது.

ஏறி வந்தாள். முதுகெல்லாம் சேறு.
அறைவாள் என்று நினைத்தேன்.
"உன் கை என்றால் நின்றிருக்கும்" என்றாள்,
கால்சட்டையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.
அதற்கு நான் என்ன பதில் சொல்வது.
மாற்று ஃபியூஸைத் தேடினேன்.

இப்போது ரிமோட் அவள் சட்டைப்பையில்.
அமுக்கியிருந்தால் ஓடும், விட்டால் நிற்கும்.
எனக்கு வேலை என்று பார்த்தால்
இடது கையில் ஒரு கந்தல் துணி.
ரீலுக்குள் நுழையுமுன் குழாயைத் துடைக்கிறேன்.
அவசியமில்லை, அவளுக்கும் தெரியும்.
துணி வழியே கொஞ்சம் கேட்கிறது:
ஈரப்புல். கல். மறுபடி புல்.

முன்பெல்லாம் குழாயை இரண்டு தரம் வெடுக்கென்று இழுப்பாள்,
தேநீர் என்று அர்த்தம்.
இன்று நாற்பது மீட்டர் பாக்கியிருக்கையில்
மோட்டார் நின்றது.
ஃபியூஸைப் பார்க்கக் குனிந்தேன்.
க்ர்ர். க்ர்ர்.
பிறகு சத்தமில்லை.

பிளாஸ்க் மூடியை
இடது கையால் திருகித் திறக்க
இன்னும் நேரமாகிறது.